உயிரியல் மாணவர்களுக்கு ஸ்கிரிப்டும் எண்வழிக் கணிப்பும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், பயோடெக்னாலஜி என்று எந்தத் துறையை எடுத்தாலும் இப்போது ஏதாவது ஒரு பெயரில் கம்ப்யூட்டர் தாள் ஒன்று வந்துவிட்டது. சில இடங்களில் அது பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், சில இடங்களில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸின் கடைசி யூனிட். அதை எடுக்கச் சொல்லி யாரைக் கைகாட்டுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்: துறையிலேயே வயதில் இளையவரை. அவர் கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்படி மாட்டிக்கொண்ட நண்பர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் இங்கே இருக்கின்றன.

எக்செல் எல்லாருக்கும் தெரியும். அதுவே போதாதா?

சின்ன வேலைக்குப் போதும். பதினைந்து எலிகளின் எடைக்குச் சராசரி எடுக்க யாரும் பைத்தான் போன்ற நிரல் மொழியைப் படிக்க வேண்டாம். டேட்டாவை உட்கார்ந்து அடித்துவைக்க எக்செல் போல வசதியானது வேறு இல்லை. கேட்காமலே அது செய்யும் உதவிதான் சிக்கல். மனித ஜீன்களில் மார்ச்1, செப்ட்2 என்ற பெயர்களில் சில இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து மார்ச் முதல் நாளாகவும் செப்டம்பர் இரண்டாம் நாளாகவும் மாற்றிவிடும். 2004லேயே இதை எச்சரித்து ஒரு கட்டுரை வந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு, எக்செல் ஜீன் பட்டியலை இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் 2020இல் ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே இறங்கி வந்து, செப்ட்2ஐ செப்டின்2 என்றும் மார்ச்1ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்றியது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க மைக்ரோசாஃப்ட் வழி செய்தது 2023இல்.

இன்னொன்று அதே 2020இல் இங்கிலாந்தில் நடந்தது. அங்கே 15,841 கோவிட் தொற்றாளர்களின் விவரம் சில நாட்கள் கணக்கிலேயே வராமல் போனது. பழைய எக்செல் ஃபைல் வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது.

இந்த இரண்டு கதைகளையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் எக்செலைத் திட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த செல்லில் எதை மாற்றினோம் என்பதற்கு எக்செலில் பெரும்பாலும் தடயம் இருக்காது. ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை எழுதிவைத்த நிரல் ஃபைலில், செய்தது முழுவதும் வரிவரியாக நிற்கும். அடுத்த வருடம் வேறொருவர் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். ஸ்கிரிப்ட் கற்பதற்குப் பெரிய காரணம் அதுதான்.

பைத்தானா, ஆரா?

பக்கத்து அறையில் இருப்பவருக்கு எது தெரியுமோ அது. கிண்டலாகச் சொல்லவில்லை. சிக்கிக்கொண்ட நேரத்தில் எட்டிக் கேட்க ஆள் இருப்பது, மொழியின் தரத்தைவிட முக்கியம்.

அப்படி யாருமே இல்லை என்றால் வேலையைப் பார்த்து முடிவெடுங்கள். ஆர் மொழியை 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் எழுதினார்கள், இருவரும் புள்ளியியல்காரர்கள். அதனால் டி-டெஸ்ட், அனோவா, ரிக்ரெஷன் எல்லாம் அதில் கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஜீன் வெளிப்பாட்டு ஆய்வுக்கான பயோகண்டக்டர் தொகுப்பும் ஆரில்தான். சூழலியல் துறையிலும் ஆர் கைதான் ஓங்கியிருக்கிறது. வரிசைகளை அலசுவது, சிமுலேஷன் செய்வது, படங்களிலிருந்து செல்களை எண்ணுவது என்று பல பக்கம் போவதாக இருந்தால் பைத்தான். இளங்கலை வகுப்புக்கு நான் பைத்தானைத்தான் எடுப்பேன். கீழே சொல்வதும் அதை வைத்துத்தான்.

ஒரே செமஸ்டரில் இரண்டையும் வைக்காதீர்கள். ஆர் 1இலிருந்து எண்ணும், பைத்தான் 0விலிருந்து எண்ணும். இந்த ஒரு வித்தியாசமே இரண்டு வாரத்தை விழுங்கிவிடும்.

பிளஸ் டூவில் கணக்கே எடுக்காத பிள்ளைகள் பாதி வகுப்பு. அவர்களை என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. பியூர் சயின்ஸ் குரூப்பில் வந்தவர்களுக்குக் கணக்கு வராது என்று நாமே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். அவர்களோ சீரியல் டைலூஷன் போட்டு, தட்டில் காலனிகளை எண்ணி, நீர்ப்புக் காரணியால் பெருக்கி, ஒரு மில்லிக்கு எத்தனை என்று தினமும் சொல்கிறவர்கள். பிஹெச் என்பது லாகரிதம். ஸ்டாண்டர்ட் கர்வ் வரைவது நேர்கோட்டைப் பொருத்துவது. கணக்கு என்ற பெயர் இல்லாமல் இதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் செமஸ்டருக்குத் தேவை அடுக்குகள், லாகரிதம், வரைபடம் படிப்பது, விகிதம் ஆகியவைதான். வகைக்கெழு வேண்டிய இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லாமல், 'இந்தச் சின்ன நேரத்துக்குள் எவ்வளவு கூடுகிறது' என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் செய்வதும் அதைத்தான். மேட்ரிக்ஸ், ஐகன் மதிப்பு எல்லாம் முதுகலைக்குப் போகட்டும். பயோ-மேத்ஸ் படித்தவரையும் பியூர் சயின்ஸ் படித்தவரையும் ஒரே கணினியில் சேர்த்து உட்கார வையுங்கள், ஆனால் கீபோர்டு பியூர் சயின்ஸ் மாணவர் கையில் இருக்கட்டும். மாற்றி வைத்தால் ஒருவர் அடிப்பார், இன்னொருவர் செமஸ்டர் முழுக்க வேடிக்கை பார்ப்பார்.

முதல் வகுப்பில் எதைச் சொல்லித் தருவது?

'ஹலோ வேர்ல்ட்' வேண்டாம். அதில் தப்பாக வர ஒன்றும் இல்லை, அதனால் யோசிக்கவும் ஒன்றும் இல்லை.

ஈ.கோலையிலிருந்து தொடங்குங்கள். நல்ல ஊடகத்தில் அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று மாணவர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு செல்லில் ஆரம்பித்தால் 10 மணி நேரத்தில் எத்தனை? கம்ப்யூட்டரைத் தொடுமுன் ஆளுக்கொரு மதிப்பீட்டைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். சிலர் ஆயிரக்கணக்கில் எழுதுவார்கள், தைரியசாலிகள் லட்சத்துக்குப் போவார்கள். அப்புறம் மூன்று வரி நிரல்: செல்களின் எண்ணிக்கை 1, 30 முறை திரும்பத் திரும்பச் செய், ஒவ்வொரு முறையும் இரண்டால் பெருக்கு. விடை 107 கோடியே சொச்சம். வேரியபிள், லூப், பிரிண்ட் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

இப்போது 30ஐ 72 ஆக்கச் சொல்லுங்கள், அதாவது 24 மணி நேரம். 22 இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். நிரலில் பிழை இல்லை. ஆனால் எந்தக் குடுவையிலும் இது நடக்காது என்று நுண்ணுயிரியல் படித்த பிள்ளை உடனே சொல்லும்: உணவு தீரும், கழிவு சேரும், ஸ்டேஷனரி ஃபேஸ் வரும். சரி, அதை நிரலில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டுவிட்டு வகுப்பை முடியுங்கள். அடுத்த வகுப்புக்கு அவர்களே தூண்டில் போட்டுக்கொண்டு வருவார்கள்.

நிரல் ஓடிவிட்டது, விடையும் வந்துவிட்டது. அது சரிதான் என்று மாணவருக்கு எப்படித் தெரியும்?

இந்தத் தாளின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பிசிஆர் செய்யும்போது பாசிட்டிவ் கன்ட்ரோல் இல்லாமல் ஜெல் ஓட்ட விடுவோமா? நிரலுக்கும் அதே சட்டத்தை வையுங்கள். விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கை முதலில் கொடுத்து ஓட்டாமல், தெரியாத கணக்குக்குப் போகக் கூடாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு இல்லாத வசதி ஒன்று உயிரியல் மாணவருக்கு உண்டு: விடை எந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு தோராயம் தெரியும்.

உதாரணத்துக்கு ஃபை எக்ஸ் 174 என்ற பாக்டீரியோஃபேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் சாங்கரின் குழு முதன்முதலில் முழுதாகப் படித்த டிஎன்ஏ ஜீனோம் அது, 5,386 எழுத்துகள். மரபணுத் தகவல்களைச் சேர்த்துவைக்கும் என்சிபிஐ தளத்திலிருந்து ஃபாஸ்டா ஃபைலை (வரிசையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் ஃபைல்) இறக்கி, நீளம் என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஃபைலை அப்படியே படித்து எண்ணியவர்களுக்கு 5,500ஐ ஒட்டி ஒரு எண் வரும். 5,386 வர வேண்டுமே, மிச்சம் எங்கிருந்து வந்தது? முதல் வரி தலைப்பு. அதன் எழுத்துகளும் சேர்ந்துவிட்டன. அதை நீக்கினாலும் 77 கூடுதலாக இருக்கும். ஏனென்றால் வரிக்கு 70 எழுத்து வீதம் 77 வரிகள். ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. அதையும் நீக்கினால் சரியாக 5,386 வந்து உட்காரும். அந்தக் கணத்தில் வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

நேராக ஜிசி சதவீதத்தை (ஜி, சி எழுத்துகளின் பங்கு) கேட்டிருந்தால் இந்தப் பிழை தெரிந்தே இருக்காது. 45ஐ ஒட்டி ஏதோ வந்திருக்கும், எல்லாரும் ரெக்கார்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். பெரிய ஜீனோம்களில் இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு: திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைச் சில ஃபைல்களில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், பெரிய எழுத்தை மட்டும் எண்ணும் நிரல் அவற்றை விட்டுவிடும், தெரியாத இடங்களில் 'என்' என்று இருக்கும், வகுக்கும்போது அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் மாணவர் அளவில் நிற்கும் விஷயம் இல்லை. புரத அமைப்பு ஆய்வில் பெயர்பெற்ற அமெரிக்க ஆய்வகம் ஒன்று 2006இல் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அவர்கள் சொந்தமாக வைத்திருந்த நிரல் இரண்டு டேட்டா பத்திகளை, அதாவது நெடுவரிசைகளை, இடம் மாற்றிவிட்டது. அமைப்பே தலைகீழாக வந்துவிட்டது. நிரல் ஒரு எர்ரரும் காட்டவில்லை.

பயிற்சிக்கு டேட்டா எங்கே எடுப்பது?

எல்லாப் பாடநூல்களிலும் ஐரிஸ் பூக்கள் இருக்கும்: எட்கர் ஆண்டர்சன் அளந்து, 1936இல் ஃபிஷர் பயன்படுத்திய 150 பூக்கள். அளவுகள் எல்லாம் குறைவில்லாமல் இருக்கும். அதுதான் குறையே, நிஜ டேட்டா அப்படி வராது. அண்டார்டிகாவின் பால்மர் நிலையப் பென்குயின் டேட்டா மேல். 344 பறவைகள், மூன்று இனங்கள், மூன்று தீவுகள், நடுநடுவே விடுபட்ட மதிப்புகள். அலகின் நீளத்தையும் உயரத்தையும் வைத்து ஒரு வரைபடம் போட்டால் நீளம் கூடக் கூட உயரம் குறைவதுபோலத் தெரியும். இனவாரியாக நிறம் கொடுத்தால் கதை தலைகீழாகிவிடும்: ஒவ்வொரு இனத்துக்குள்ளும் நீளம் கூடினால் உயரமும் கூடுகிறது. நிறம் கொடுப்பது ஒரே ஒரு வார்த்தை சேர்க்கும் வேலை.

நம் ஊர் டேட்டா வேண்டும் என்றால் பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்ட் தளம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பதிவுகளும் அதில்தான் சேருகின்றன. அந்தத் தளத்தில் பயனர் கணக்கு ஆரம்பித்துக்கொண்டால் பதிவுகளை இறக்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். அதில் ஒரு அருமையான தொல்லை உண்டு. பறவையைப் பார்த்தேன், எண்ணவில்லை என்றால் எண்ணிக்கை இடத்தில் 'எக்ஸ்' என்று போட அனுமதி இருக்கிறது. பத்தி முழுக்க எண்கள், நடுவில் ஒரு 'எக்ஸ்'. அவ்வளவுதான், பைத்தான் அந்தப் பத்தியையே எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டச் சொன்னால் முரண்டு பிடிக்கும். அந்த 'எக்ஸ்'ஐ 0 ஆக்குவதா, 1 ஆக்குவதா, விட்டுவிடுவதா? 0 என்றால் பறவையே இல்லை என்று பொருளாகிவிடும். மைனாக் கூட்டத்துக்கு 1 என்று போடுவதும் நியாயமில்லை. இதை கம்ப்யூட்டர் ஆசிரியர் தீர்க்க முடியாது, விலங்கியல் மாணவர்தான் தீர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நல்லது அவர்கள் லேபில் அவர்களே எடுத்த அளவு. கலரிமீட்டர் ஓ.டி. ரீடிங், மண்புழு எடை, இலைப் பரப்பு எதுவானாலும் சரி. சொந்த எண்ணில் தப்பு வந்தால் மட்டும் யாரும் சும்மா விடுவதில்லை.

நியூமெரிக்கல் கம்ப்யூட்டிங் என்று சிலபஸில் போட்டிருக்கிறது. எதுவரை போகலாம்?

முறைகளின் பெயர்ப் பட்டியலை ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. மூன்று வேலைகளை உருப்படியாகச் செய்தால் ஒரு செமஸ்டருக்குத் தாராளம்.

முதலாவது வளைகோடு பொருத்துதல். உயிர்வேதியியல் மாணவர் எல்லாரும் லைன்வீவர்-பர்க் வரைபடம் வரைந்திருப்பார்கள். 1934இல், கையில் ஸ்கேலும் கிராஃப் தாளும் மட்டும் இருந்த காலத்தில் அது கெட்டிக்கார வழி. இன்று அதன் குறையைக் கணக்காகவே காட்டலாம். விமேக்ஸ் (நொதியின் உச்ச வேகம்) 100, கேஎம் (அதில் பாதி வேகம் வரும் அடிபொருள் செறிவு) 5 என்று வையுங்கள். அடிபொருள் செறிவு 1 என்றால் வேகம் 16.67, 50 என்றால் 90.91. இரண்டிலும் அளவீட்டில் 1.67 குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தலைகீழ் எடுத்தபின் முதல் புள்ளி 0.0067 நகர்கிறது, இரண்டாவது 0.0002 மட்டுமே. ஒரே பிழை, 30 மடங்குக்கும் மேல் வித்தியாசம். நம்பிக்கை குறைந்த புள்ளிதான் கோட்டை இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டையே நேராகப் பொருத்தும் ஃபங்ஷனை, பைத்தானின் சைபை தொகுப்பில் இருப்பதை, காட்டுங்கள். அதற்கு ஒரு நல்ல ஆரம்ப ஊகம் கொடுப்பது நல்லது. விமேக்ஸுக்கும் கேஎம்முக்கும் என்ன கொடுப்பது என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்வதற்கு உயிர்வேதியியல் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, காலத்தோடு மாறும் அளவுகள். முதல் வகுப்பு ஈ.கோலைக்கே திரும்பிப் போகலாம். இடவசதிக்கு ஓர் உச்சவரம்பு வைத்து லாஜிஸ்டிக் சமன்பாடாக்குங்கள். 20 நிமிட இரட்டிப்பு என்றால் வளர்ச்சி வீதம் மணிக்கு 2.08 வரும். ஆய்லர் முறையில், அதாவது இப்போதைய வேகத்தை வைத்து அடுத்த எண்ணிக்கையைக் கணக்கிட்டு, 0.1 மணி நேரத்துக்கு ஒரு படி என்று நகர்ந்தால் பாடநூலில் இருக்கும் எஸ் வடிவக் கோடு அழகாக வரும். படியை 1 மணி நேரமாக்கினால்? உச்சவரம்பு 100 கோடி என்றால், எண்ணிக்கை ஏறத்தாழ 112 கோடிக்கும் 84 கோடிக்கும் நடுவே மாறி மாறிக் குதித்துக்கொண்டே இருக்கும், நிற்காது. எந்த பாக்டீரியாவும் இப்படிக் குதிப்பதில்லை. குதிப்பது நம் கணிப்புமுறை. படியைப் பாதியாக்கினாலும் விடை மாறவில்லை என்றால்தான் நம்ப வேண்டும் என்ற விதியை இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆர்வமுள்ள மாணவர் இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள்: தலைமுறை தலைமுறையாகத் தாவி வளரும் பூச்சிகளுக்கு இந்தப் படிப்படியான சமன்பாடே பொருத்தமானது, அங்கே இந்தக் குதிப்பு நிஜமாகவே நடக்கலாம் என்று 1976இல் ராபர்ட் மே காட்டினார்.

கொள்ளைநோய்க்கான எஸ்ஐஆர் மாதிரியும் (தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் என்று மக்களைப் பிரிப்பது) இதே அச்சுதான். 1927இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் அதை வெளியிட்டபோது ஒப்பிட்டுக் காட்டியது, 1905-06இல் பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்களின் வாராந்திரக் கணக்கை.

மூன்றாவது, ரேண்டம் எண்கள். மரபியல் துறைக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. 1956இல் பீட்டர் பூரி 107 டிரோசோஃபிலா கூட்டங்களை, ஒவ்வொன்றிலும் 16 ஈக்களாக, 19 தலைமுறை வளர்த்தார். கண் நிறத்துக்கான ஓர் அலீல் (ஒரு ஜீனின் ஒரு வடிவம்) எல்லாக் கூட்டத்திலும் சரிபாதியில் தொடங்கியது. தலைமுறை போகப் போகச் சில கூட்டங்களில் அது அடியோடு காணாமல் போனது, சிலவற்றில் அது மட்டுமே மிஞ்சியது. இந்தப் பரிசோதனையை பத்துப் பன்னிரண்டு வரி நிரலில் திரும்ப நடத்தலாம்: ஒவ்வொரு தலைமுறைக்கும் 32 நகல்களைக் குலுக்கலில் எடுக்க வேண்டியதுதான். ஆனால் நிரலில் நடப்பதைவிட பூரியின் ஈக்களில் அலீல்கள் சீக்கிரமே மறைந்தன அல்லது நிலைத்தன. ஏன் என்று கேட்டால் வகுப்பு முழுக்க வாதம் நடக்கும். எல்லா ஈயும் ஒரே அளவு குஞ்சு பொரிப்பதில்லை, அதனால் 16 ஈக்கள் இருந்தாலும் மரபியல் கணக்குக்கு அதைவிடக் குறைவு. 'எஃபெக்டிவ் பாப்புலேஷன் சைஸ்' என்று பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்த விஷயம், இங்கே தானாகவே வந்து விழும்.

இவற்றோடு ஒரு சின்னச் சோதனை. 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். கம்ப்யூட்டர் இரும எண்ணில் வைத்திருப்பதால் வரும் வினை. பின்ன எண்கள் இரண்டும் சமமா என்று கேட்காதே, நெருக்கமா என்று கேள். ஐந்து நிமிடம் போதும் இதற்கு.

எர்ரர் வந்தாலே கையை எடுத்துவிடுகிறார்கள்.

ஆமாம், சிவப்பில் இருபது வரி ஆங்கிலம் வந்து நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். கடைசி வரியை முதலில் படிக்கப் பழக்குங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். முக்கால்வாசி நேரம் நாலைந்து வகைப் பிழைகள்தான் மாறி மாறி வரும்: பெயரில் ஸ்பெல்லிங் தவறு, அடைப்புக்குறி மூடாதது, வரியின் முன் இடைவெளி பிசகியது, ஃபைல் வேறு ஃபோல்டரில் இருப்பது, எண்ணாக இருக்க வேண்டியது எழுத்தாக இருப்பது.

ஸ்லைடு போடாமல், மாணவர் கண் முன்னே நீங்களே அடித்துக் காட்டுங்கள். வேகம் தானாகக் குறையும், உங்களுக்கும் எர்ரர் வரும், அதை நீங்கள் பதறாமல் சரிசெய்வதைப் பார்ப்பதே அவர்களுக்குப் பாதிப் பாடம். கார்ப்பென்ட்ரீஸ் என்ற அமைப்பு ஆய்வாளர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது. 1998இல் சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்ற பெயரில் தொடங்கியது அது. அவர்களிடம் ஒரு எளிய பழக்கம் உண்டு. ஆளுக்கு இரண்டு நிற ஒட்டுத்தாள். முடித்தவர் பச்சையைக் கணினி மேல் ஒட்டுவார், சிக்கியவர் சிவப்பை. கையைத் தூக்கக் கூச்சப்படும் பிள்ளையும் தாளை ஒட்டிவிடும். அவர்களுடைய பாடங்கள் இணையத்தில் இலவசம். பெயரைக் குறிப்பிட்டுவிட்டு நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளவும் உரிமம் உண்டு.

அறுபது பேர், இருபது கணினி, அதில் நாலு ஓடாது.

மூவருக்கு ஒன்று என்று உட்கார வைக்காதீர்கள். மூன்றாமவர் போனை எடுத்துவிடுவார். பேட்ச் பிரித்து, இருவருக்கு ஒன்றாக வையுங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யும் வேலையை முதல் மாதத்தில் தவிருங்கள். கூகுள் கோலாப் பிரௌசரிலேயே ஓடும், பழைய கணினியிலும் ஓடும், இணையம் மட்டும் இருந்தால் போதும். இணையம் தகராறு செய்யும் லேப் என்றால் விடுமுறையில் ஒருநாள் உட்கார்ந்து எல்லாக் கணினியிலும் அனகோண்டாவை (பைத்தானும் அதன் தொகுப்புகளும் சேர்ந்த மென்பொருள்) ஏற்றிவிடுவதுதான் வழி.

வீட்டில் போன் மட்டும் இருக்கும் மாணவருக்கு ஆண்ட்ராய்டில் பைட்ராய்டு போன்ற செயலிகள் இருக்கின்றன. மூன்று வரி, ஐந்து வரி நிரலுக்குச் சரி. அதற்கு மேல் போனில் கோலன் தேடி அடிப்பது தண்டனை. வீட்டுப்பாடத்தை அதற்கேற்பச் சின்னதாகக் கொடுங்கள்.

தமிழில் நடத்தினால் தரம் குறையுமா?

குறையாது. விளக்கம் தமிழில், ஃபங்ஷன் பெயர்கள் இருக்கிறபடியே என்று நடத்தினால் யாரும் தடுமாறுவதில்லை. லூப், லிஸ்ட், ஃபைல் போன்றவற்றை அப்படியே சொல்லுங்கள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் லினக்ஸ், சைலேப் போன்ற பல பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. பைத்தான் 3இல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'எடை', 'நீளம்' என்று எழுதினாலும் ஓடும். முதல் வாரம் ஒருமுறை செய்துகாட்டினால் பயம் கொஞ்சம் தெளியும். பிறகு வழக்கமான பெயர்களுக்கு வந்துவிடுவது நல்லது, மாற்றி மாற்றி அடிப்பதில் நேரம் போகிறது.

ஏஐயிடம் கேட்டால் எழுதித் தருகிறது. பிறகு எதற்கு இந்தப் பாடு?

எழுதித் தருகிறது, பல நேரம் நன்றாகவே தருகிறது. தடை போட்டுப் பயனில்லை. தந்ததைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பென்குயின் டேட்டாவையே எடுங்கள். விடுபட்ட மதிப்புகளை நீக்கிவிட்டு அலகு நீளத்தின் சராசரி கண்டுபிடிக்க ஏஐயிடம் நிரல் கேட்டால், எந்தப் பத்தியில் காலியாக இருந்தாலும் அந்த வரியையே தூக்கிவிடும் கட்டளை ஒன்றை அது சர்வசாதாரணமாகப் போட்டுத் தரலாம். 344 பறவைகள் 333 ஆகிவிடும். ஆனால் அலகு அளக்கப்படாதவை இரண்டே இரண்டு. மற்ற ஒன்பதில் ஆணா பெண்ணா என்பது மட்டும்தான் தெரியாது. அலகுச் சராசரிக்கு 342 பறவைகள் இருந்திருக்க வேண்டும். எர்ரர் வராது, சராசரியும் பெரிதாக மாறாது. ஒவ்வொரு படியிலும் எத்தனை வரி மிஞ்சியது என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் மட்டுமே இது கண்ணில் படும்.

நான் வைக்கும் நிபந்தனை: ஏஐ தந்த நிரலைப் பயன்படுத்தலாம், ஆனால் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரிக்கு மார்க் கிடையாது. முதல் ஐந்தாறு வாரம் மட்டும் ஏஐ இல்லாமல் அடிக்க வைக்கிறேன், விரல் பழக வேண்டும்.

டெர்மினல், கிட் இதெல்லாம்?

முதுகலைக்கு டெர்மினல், அதாவது கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் திரை, வேண்டும். பெரிய சீக்வென்சிங் ஃபைலை எக்செலில் திறக்கப் பார்த்துக் கணினி உறைந்துபோன மாணவருக்குச் சொல்லாமலே புரியும். இளங்கலைக்கு ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது புரிந்தாலே போதும், போனிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே புதுசு. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், ஆராய்ச்சிக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வு எப்படி வைப்பது? பல்கலைக்கழகம் எழுத்துத் தேர்வு கேட்கிறது.

எழுத்துத் தேர்வை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அதில் 'பைத்தானின் சிறப்பியல்புகள் பத்து எழுதுக' என்று கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏழு வரி நிரலை அச்சடித்துக் கொடுத்து 'இது என்ன காட்டும்' என்று கேட்கலாம். ஒரு பிழையை ஒளித்துவைத்து எந்த வரி என்று கேட்கலாம். ஒரு வரைபடத்தையும் அதை வரைந்த நிரலையும் கொடுத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று கேட்கலாம்.

இன்டர்னல் மார்க் நம் கையில் இருக்கிறது. ரெக்கார்ட் நோட்டில் நிரலைக் கையால் நகலெடுக்கும் சடங்கை விட்டுவிட்டு, நோட்புக் ஃபைலையே (கோலாப்பில் நிரலும் குறிப்பும் பெட்டி பெட்டியாக இருக்கும் ஃபைல்) வாங்குங்கள். அதில் முதல் பெட்டி, விடை என்னவாக இருக்கும் என்ற மாணவரின் முன்மதிப்பீடு. கடைசிப் பெட்டி, கிடைத்த விடை அதோடு ஏன் பொருந்தியது அல்லது ஏன் பொருந்தவில்லை என்று நாலு வரி. இரண்டையும் படித்தாலே யார் சொந்தமாகச் செய்தார்கள் என்று தெரிந்துவிடும். வைவாவில் நிரலில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு, ஓட்டுவதற்கு முன் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

எனக்கே இப்போதுதான் பைத்தான் அறிமுகம். நடத்தலாமா?

நடத்தலாம். வகுப்பைவிட மூன்று வாரம் முன்னால் இருந்தால் போதும். எங்கே தடுக்கும் என்பது உங்களுக்கு இன்னும் மறக்கவில்லை, அது பெரிய சொத்து. ரோசலிண்ட் என்ற தளத்தில் உயிரியல் கணக்குகள் படிப்படியாக இருக்கின்றன. முதல் கணக்கு ஒரு டிஎன்ஏ துண்டில் நான்கு எழுத்தும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுவது. விடையை அதுவே திருத்தும். தினம் ஒன்று போட்டுப் பாருங்கள். கோடை விடுமுறைக்குள் வகுப்புக்குத் தேவையானது கைக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை நண்பர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆனால் பாடத்தையே அவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். ஈபேர்டின் 'எக்ஸ்'ஐ என்ன செய்வது என்ற கேள்வி வந்தால் அவர் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு செமஸ்டரில் உண்மையில் எவ்வளவு முடியும்?

வாரத்துக்கு ஒரு தியரி, இரண்டு மணி நேர லேப் என்றால்: வேரியபிள், லூப், நிபந்தனை, ஃபைல் படிப்பது, சின்னச் சின்ன ஃபங்ஷன் எழுதுவது, பைத்தானின் அட்டவணைத் தொகுப்பான பாண்டாஸில் ஒரு அட்டவணையைத் திறந்து வடிகட்டுவது, மூன்று வகை வரைபடம், மேலே சொன்ன மூன்று கணிப்பு வேலைகளில் இரண்டு. கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று பாடத்திட்டத்தில் இருந்தால் ஒரு வகுப்பில் தொட்டுவிட்டு நகருங்கள். பொங்கல் லீவும் விளையாட்டு விழாவும் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு லேப் கிடைத்தாலே அதிர்ஷ்டம். கடைசி மூன்றைப் புதுப் பாடத்துக்குக் கொடுக்காமல், அவரவர் சொந்த டேட்டாவோடு உட்கார விட்டுவிடுங்கள்.